ஏரிக்கரைக்கு அடியில் ஒரு கிணறு

கண்ணு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கடையில் டைப் அடிக்க ஆள் நின்றிருந்தது. பயோடேட்டாவில் பிறந்த தேதி தப்பாக விழுந்துவிட்டதென்று ஒரு பெண் அழாத குறையாக நின்றாள். அன்று மதியமே அவளுக்கு ஒரகடத்தில் இன்டர்வியூ. நீயோ அந்தப் பக்கத்திலிருந்து, "ம்மா, தெய்வநாயகி மேடம் கடைசில வெல போயிட்டாங்கன்னு க்ளாஸ்ல ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன் கடைசிலதான் உண்மைக்கே வந்தாங்கன்றான். எது நெசம்? நம்ம வூட்டு மாடிலதானே இருந்தாங்க, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்து, கடையின் ஷட்டரைப் பாதி மட்டும் ஏற்றிவிட்டு உட்கார்ந்து இதை அடிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் அவரைப் பற்றி நீ கட்டுரை படிக்க வேண்டுமாமே. கம்பெனி வேலையை விட்டுவிட்டு வரலாறு படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தாராம். நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணமே மேடம்தான். ஆகவே உனக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்.

அவர் நம் மாடிக்குக் குடிவந்த சமயத்தில் நீ ஷிப்டு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாய். வீட்டில் இருந்த நேரமெல்லாம் தூங்கினாய். மாடிப்படியில் எதிரே வந்தால் வணக்கம் சொல்லியிருப்பாய், அவ்வளவுதான். பண்டைய இந்திய வரலாற்று ஆராய்ச்சியில் அவர் எவ்வளவு பெரிய பெயர் என்று எங்களுக்கும் தெரியாது. வீடு பார்க்க வந்தவர், எல்லாரும் கேட்பதுபோல் தண்ணீர் வருமா, கரண்டு போகுமா என்று கேட்கவில்லை. மொட்டைமாடிக்கு ஏறி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இந்த மனை எந்த ஏரியோட ஆயக்கட்டு?" என்று கேட்டார். எந்த ஏரித் தண்ணீர் இங்கே வயலாக இருந்தபோது பாய்ந்தது என்று அதற்கு அர்த்தம். மனை வாங்கி, வீடு கட்டி, இத்தனை காலம் குடியிருக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. தெரியாது என்றேன். "தெரிஞ்சா சொல்லுங்க, எனக்கும் தெரியாது" என்றார். பெரிய படிப்புப் படித்தவர் தனக்குத் தெரியாது என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். அன்றைக்கே அவர்மேல் எனக்கு ஒரு ஆர்வம் வந்துவிட்டது. இவர் யார், என்ன சாப்பிடுவார், மேலே உட்கார்ந்து என்னதான் செய்கிறார் என்று தெரிந்துகொள்ள ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மாடிக்குப் போவேன்.

மெல்ல மெல்லத் தெரிந்தது. சின்ன வயதிலேயே ஒரு புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். நம் பக்கத்து ஏரிகளைப் பற்றிய புத்தகம். அதன் சாரம் ஒரே வரிதான்: ஏரி வந்த பிறகுதான் ஊர் வந்தது. பாலாறு எட்டாத இந்த மேட்டு நிலத்தில், அரசர்கள் ஆணையிட்டு ஏரி வெட்டிக் கரை போடும்வரை யாரும் நிலைத்து வாழவில்லை, ஆடு மாடு மேய்த்துக்கொண்டு வந்து போனவர்கள்தான் உண்டு என்று கல்வெட்டுகளை வைத்து நிறுவியிருந்தார். அரசர்களைக் கொண்டாடுகிறவர்களுக்கு அந்தப் புத்தகம் வேதமாகிவிட்டது. எங்கள் ஊர் எந்த அரசனுக்கும் முந்தியது என்கிறவர்கள் அவரைத் தமிழ் விரோதி என்று திட்டினார்கள். திட்டியவர்கள், கொண்டாடியவர்கள் இரண்டு தரப்பிலும் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்திருப்பார்கள் என்று அவருக்கே சந்தேகம். ஓய்வு பெற்றதும், வாழ்நாளெல்லாம் எந்த ஏரிகளைப் பற்றி எழுதினாரோ அவற்றின் பக்கத்தில் போய் இருக்கலாமென்று படப்பைக்கு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டே விட்டேன். "கேட்டவங்க யாரும் அடுத்த கேள்வி கேக்கலை" என்று சிரித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அவரை மகான் என்று நினைத்துவிடாதே. கோபக்காரி. காபி ஆறியிருந்தால் முகத்துக்கு நேரே சொல்வார். என் டைப்பில் ஒற்றெழுத்துப் பிழை வந்தால், "இந்தக் 'க்' என்ன பாவம் பண்ணுச்சு, அதை ஏன் துரத்தி விட்டீங்க?" என்று கேட்பார். ஆனால் ஷேர் ஆட்டோவில் ஏறினால் வேறு ஆள். கம்பெனிப் பெண்கள் நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியிடமும் உன் ஊர் எது, அந்தப் பேர் ஏன் வந்தது, உன் ஊர் ஏரிக்கு எத்தனை மதகு என்று கேட்டுக்கொண்டே போவார். அந்தப் பெண்கள் அவருக்கு 'ஊர்ப்பேர் மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். நம் கதை தொடங்கியதும் அந்த ஆட்டோவில்தான். ஒருநாள், வடக்குப்பட்டுக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூர்ப் பெண், "மேடம், எங்க ஊரு ஏரிக்கரைய ஜேசிபி வெச்சி வெட்டிகினு கீறாங்க, லாரி நிறுத்துற யார்டு வருது. உள்ள பான பானயா வருது, பாருங்க" என்று போனில் போட்டோ காட்டியிருக்கிறாள். மேடம் ஒரகடம் போகாமல் பாதி வழியில் இறங்கி, எதிர் ஆட்டோ பிடித்து நேரே என் கடைக்கு வந்தார். "கடையை மூடிட்டு வர முடியுமா? எனக்கு முட்டி சரியில்லை, தனியா இறங்க முடியாது" என்றார். அவர் என்னிடம் உதவி என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஏரி எப்போதோ தூர்ந்துபோனது. கரை மட்டும் சின்னக் குன்றுபோல நீளமாகக் கிடந்தது. அதன் குறுக்கே, கேக்கை வெட்டின மாதிரி, வண்டிப் பாதைக்காக வெட்டியிருந்தார்கள். வெட்டின முகத்தில் கரை கட்டிய களிமண் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. அதற்கும் கீழே, அடிமண்ணுக்குள், சுட்ட மண் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபடி நின்றன. உறைகிணறு. பாதி வளையம் உடைந்து சரிந்திருக்க, மீதி மண்ணோடு மண்ணாக இருந்தது. ஜேசிபி டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெட்டின முகத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, "உங்க கண்ணுக்கு என்ன தெரியுது, சொல்லுங்க" என்றார்.

"கிணறு இருக்கு. அதுக்கு மேல கரை இருக்கு."

"அப்ப எது முதல்ல?"

"கிணறுதான், மேடம். இது என்ன கேள்வி?"

"இருங்க, அவசரப்படாதீங்க. கரை கட்டினதுக்கு அப்புறம் மேலேர்ந்து தோண்டி இந்தக் கிணத்தை இறக்கியிருக்கலாமில்லையா?"

ஒரு நிமிஷம் எனக்கே நியாயமாகப் பட்டது. அவர் கையில் இருந்த குச்சியால் களிமண் அடுக்கைத் தொட்டுத் தொட்டுப் போனார். "மேலேர்ந்து தோண்டியிருந்தா இந்த அடுக்கு அறுந்திருக்கணும். பாருங்க, கிணத்து வாய்க்கு மேல ஒரே கோடா ஓடுது. எங்கேயும் அறுபடலை." சிறிது நேரம் கழித்து மறுபடி, "சரி, கரை போட வந்த கூலி ஆளுங்க குடிக்கத் தோண்டின கிணறா இருந்தா?" என்றார். கைக்குட்டையால் மேல் வளையத்தின் விளிம்பைத் துடைத்தார். கயிறு இழுத்து இழுத்து அறுத்த பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. சுட்ட மண்ணில் அவ்வளவு ஆழமாகக் கயிறு பதிய வேண்டுமானால் எத்தனை பேர் எத்தனை காலம் தண்ணீர் இறைத்திருக்க வேண்டும்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது எனக்காக இல்லை. வாழ்நாளெல்லாம் தான் சொன்னதைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். எந்தக் கதவும் திறக்கவில்லை. அந்தப் பள்ளங்களில் விரலை வைத்துக்கொண்டு அவர் சிரித்தார். அது என்ன சிரிப்பென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தோற்றவர் சிரிப்பு மாதிரி இல்லை.

அதற்குள் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா முன்னால் வந்து, "யம்மா, நீ ஆபீசரா? எம் புள்ளைக்கு யார்டுல வேல தரேன்னு சொல்லிகீறாங்க. நெலத்தக் குடுத்துட்டு அத்தத்தான் நம்பிகினு கீறோம். ஓட்டப் பானைக்காக வேலய நிறுத்திப்புடாத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னாள். மேடம் அவளைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நான் ஆபீசர் இல்லைம்மா. நிறுத்தவும் வரலை. பார்க்கறதுக்குக் கொஞ்ச நாள் மட்டும் கேக்கப்போறேன். உங்க ஊர்ல உங்களுக்கு முன்னாடி தண்ணி எடுத்தவங்க கிணறு இது, உங்களுக்குப் பார்க்கணும்னு இல்லையா?" என்றார். அந்த அம்மா எட்டிப் பார்த்து, "எங்க வூட்டுக் கெணறும் இந்த அகலந்தான் இருந்துது" என்றாள். அப்புறம் அரசாங்கத்திலிருந்து வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். பாதையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்ள கம்பெனியும் ஒத்துக்கொண்டது. கிணற்றில் மணலை நிரப்பி மூடிவிட்டார்கள். மூடி வைப்பதுதான் அதற்குப் பாதுகாப்பாம். அந்த அம்மாவின் மகன் இப்போது அதே யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.

பார்த்ததை எழுதுவதற்கு முன் ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்றார் மேடம். அப்பாதான் காரை எடுத்தார். வாலாஜாபாத்தில் பேராசிரியர் அருளப்பன் என்று ஒருவர் இருக்கிறார். வழியில்தான் அவர் யாரென்று மேடம் சொன்னார். இருவரும் இளம் ஆராய்ச்சியாளர்களாக இருந்த காலத்தில், ஏரிகளுக்கு முன்பே இங்கே ஊர்கள் இருந்தன என்று அருளப்பன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்திருக்கிறார். ஆதாரமாக வயல்களில் பொறுக்கிய பானை ஓடுகளைக் காட்டியிருக்கிறார். மேடம் எழுந்து, குடியானவர்கள் உரத்துக்காக ஏரி வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுவார்கள், இந்த ஓடுகள் எங்கிருந்தோ வெள்ளத்தில் வந்து ஏரியில் சேர்ந்து வண்டலோடு வயலுக்கு வந்தவை, இவற்றை வைத்து வண்டி எந்த வழியாக வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், ஊர் இருந்ததென்று சொல்ல முடியாது என்று பேசியிருக்கிறார். அரங்கமே சிரித்ததாம். "எனக்கு அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துது" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. அருளப்பன் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றுவிட்டார்.

கதவைத் திறந்தவர் பனியனோடு இருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேடம் உட்காரக்கூட இல்லை. "அருளப்பன், நீங்க சொன்னது சரி. ஊர்தான் முதல்ல" என்று நின்றபடியே சொன்னார். அருளப்பன் கை நீட்டினார். போட்டோக்களை வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்பா வாசலில் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். அருளப்பன் அழுவார் என்றோ கத்துவார் என்றோ நான் எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து, "கிணறு இருக்கட்டும். என் ஓடு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"உங்க ஓடு அப்பவும் தப்பு, இப்பவும் தப்பு" என்றார் மேடம்.

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் இப்படியா பேசுவது! ஆனால் அருளப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "அதைத்தான் கேட்டேன். நீங்க எழுதறப்போ அந்த வண்டல் விஷயத்தை எடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேன். எடுத்துடாதீங்க. அன்னைக்கு ரூமுக்குப் போய் எல்லா ஓட்டையும் கொட்டித் திரும்பப் பார்த்தேன். விளிம்பெல்லாம் தண்ணியில உருண்டு தேஞ்சிருந்துது. நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது பலிச்சிருக்கு, அவ்வளவுதான். குருட்டாம்போக்குல எறிஞ்ச கல்லு மாங்காய்ல பட்ட மாதிரி. அதுக்காக நான் குறி பார்த்து அடிச்சேன்னு எழுதிடாதீங்க."

"அப்ப ஏன் எழுதறதை நிறுத்தினீங்க?"

"உங்க மேல கோவத்துல இல்லை. என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

மேடம் அப்போதுதான் உட்கார்ந்தார். "நான் சிரிக்க வெச்சிருக்கக் கூடாது. சொன்னது சரி, சொன்ன விதம் அக்கிரமம்" என்றார். அருளப்பன் தலையை ஆட்டினார். பிறகு இருவரும் ஏதோ நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல அந்தப் போட்டோக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நாங்கள் கிளம்பும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது.

கட்டுரையை நான்தான் அடித்தேன். இரண்டாம் பத்தியிலேயே, "என் நூலின் மையக் கருத்து தவறு" என்று எழுதியிருந்தார். அடிப்பதை நிறுத்திவிட்டேன். "மேடம், இவ்ளோ பச்சையா போடணுமா? 'புதிய சான்றுகளின் வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்யப்படுகிறது'ன்னு போட்டா கௌரவமா இருக்குமே. படிக்கிறவங்க புரிஞ்சிப்பாங்க" என்றேன். நானும் இத்தனை காலம் எத்தனை பேருக்கு ராஜினாமா கடிதம், மன்னிப்புக் கடிதம் எல்லாம் அடித்தவள், எந்த இடத்தில் எப்படி வளைக்க வேண்டுமென்று தெரியும். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்த வரியைப் படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா படிச்சா தப்புப் பண்ணினது சான்று மாதிரியில்ல இருக்கு? தப்புப் பண்ணினது நான். என் பேரையே போடுங்க" என்றார். போட்டேன்.

அது வெளிவந்ததும் நடந்ததைத்தான் உன் வகுப்புப் பையன்கள் துண்டு துண்டாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கொண்டாடியவர்கள் கைவிட்டார்கள். ஒரு பெரிய மாநாட்டில் தலைமையுரை என்று போட்டிருந்த அழைப்பிதழிலிருந்து அவர் பெயர் காணாமல் போனது. யாரோ மிரட்டி எழுத வைத்துவிட்டார்கள் என்றார்கள், விலை போய்விட்டார் என்றார்கள், வயதாகிப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் சொன்னார்கள். டிவியில் ஒரு விவாதமே நடந்தது. அப்பா பார்த்துவிட்டு, "இன்னா இது, மேடத்த இந்தக் கிழி கிழிச்சிகினு கீறானுங்க? அவங்க கெணத்தப் பாத்தாங்க, பாத்தத சொன்னாங்க. இதுல இன்னா கீது?" என்று அணைத்துவிட்டார். அதெல்லாம் மேடத்தை அவ்வளவாகத் தொடவில்லை. ஒரு போன் மட்டும் தொட்டது. அவருடைய பழைய மாணவி ஒருத்தி. மேடத்தின் கருத்தின் மேலேயே ஆராய்ச்சி செய்து, அதிலேயே புத்தகம் எழுதி, வேலையும் வாங்கியவள். "மேடம், உங்களை நம்பித்தானே இதைக் கட்டினேன். எனக்காவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அழுதாளாம். அன்று மேடம் சாப்பிடவில்லை. நான் தோசை எடுத்துக்கொண்டு மேலே போனபோது, "அவ சொல்றது நியாயம். அருளப்பன் வீட்டுக்குப் போகத் தெரிஞ்ச எனக்கு அவ வீட்டுக்குப் போகத் தோணலை" என்றார். மறுநாளே கிளம்பி அவளைப் பார்க்க ரயிலேறினார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

திட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது மாலையோடு வந்தார்கள். காஞ்சிபுரத்தில் பாராட்டு விழா. பேனரில் 'உண்மையின் பக்கம் திரும்பிய பேராசிரியர்' என்று போட்டிருந்தது. நானும் அப்பாவும் போயிருந்தோம். பேசியவர்கள் எல்லாரும் அந்தக் கிணறுதான் உலகத்தின் முதல் கிணறு, நம் ஊர்தான் உலகத்தின் முதல் ஊர் என்றார்கள். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். கடைசியாக மேடம் மைக்கைப் பிடித்தார். "இங்க ஏரிக்கு முன்னாடி ஜனங்க இருந்தாங்க. தண்ணி இறைச்சுக் குடிச்சாங்க. கயிறு பட்டு வளையம் தேயற அளவுக்கு நாள்பட இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். எந்தக் காலம்னு இன்னும் சரியாத் தெரியாது. அவங்க என்ன பேசினாங்க, யாரைக் கும்பிட்டாங்க, தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன். தெரியலைன்னா என்னோட சேர்ந்து தேடுங்க" என்றார். ஒரு கைகூடத் தட்டவில்லை. பொன்னாடையை அவசரமாகப் போர்த்தி இறக்கிவிட்டார்கள். வரும் வழியில், "பேரு போச்சே மேடம், வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன். "இல்லைன்னு சொன்னா பொய். தினமும் காலையில எழுந்ததும் வருத்தமாத்தான் இருக்கு. அப்புறம் அந்தக் கிணத்துக்காரங்க எங்கேர்ந்து வந்தாங்க, ஏன் போனாங்கன்னு நினைப்பு வந்துடும். வருத்தப்பட நேரம் கிடைக்கறதில்லை" என்றார்.

இதுதான் கண்ணு நீ கேட்டதற்குப் பதில். அவர் யாருக்கும் விலை போகவில்லை. வாங்க வந்தவர்களை அவரே திருப்பி அனுப்பினார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகவும் இல்லை. வகுப்பில் நீ அவருக்கு வக்கீலாக நிற்க வேண்டியதில்லை. முதல் புத்தகத்தையும் கடைசிக் கட்டுரையையும் இரண்டையும் படி. அவர் எங்கே சறுக்கினார் என்று உனக்குத் தோன்றினால் தயங்காமல் சொல். சிரிக்க வைக்காமல் சொல்.

அதற்குப் பிறகு இருந்த காலம்தான் அவருடைய நல்ல காலம் என்று எனக்குத் தோன்றும். அருளப்பன் சார் வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். மாடியில் இருவரும் போடுகிற சத்தத்தில், "இன்னா, மேல சண்ட ஓடிகினு கீது? போயி வெலக்கி வுடட்டா?" என்று அப்பா கேட்பார். சண்டை இல்லை, பேசிக்கொள்கிறார்கள் என்பேன். வேடிக்கை என்னவென்றால் இருவரும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் இருந்த இடத்தின் மேலேயே ஏன் ஏரிக்கரை வந்தது என்பதுதான் இப்போது கேள்வி. அந்த ஊர் ஜனங்களே, இடம் மாறிப் போனபின், தங்களுக்காக ஏரியைக் கட்டிக்கொண்டார்கள் என்றார் மேடம்; கட்டுரையின் முடிவிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். இல்லை, அரசன் ஆட்கள் வந்து ஊரைக் கிளப்பிவிட்டுக் கட்டினார்கள் என்றார் சார். அரசனை ஒரு காலத்தில் மறுத்தவர் அரசனைக் கொண்டுவந்தார். அரசனைக் கொண்டுவந்தவர் ஜனங்களைக் கொண்டுவந்தார். இந்த விவாதம் முடிவதற்குள் மேடத்துக்கு உடம்பு முடியாமல் போனது. தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. அந்த மாணவி வந்திருந்தாள், கடைசிவரை நின்றாள். நீ அன்று லீவு கிடைக்காமல் யூனிஃபார்மோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாய், ஞாபகம் இருக்கும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நீ கிளம்பிப் போன பிறகு, போன மாதம், அருளப்பன் சார் கடைக்கு வந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். ஏதோ அடிக்க வேண்டும் என்றார். அஞ்சலிக் கட்டுரையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மேடத்தின் கடைசிக் கட்டுரைக்கு மறுப்பு! அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். "சொந்த ஊர் மேல யார் கரை போடுவாங்க? செத்தவங்களைப் புதைச்ச இடம், சாமி இருந்த இடம், அதுமேல மண்ணைக் கொட்டுவாங்களா?" என்றார். உடனே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இதுக்கு அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். அதையும் அடிங்கம்மா. 'வெள்ளம் வந்து ஊரை அடிச்சிருந்தா, ஜனங்க தாங்களே மேட்டுக்குப் போயிருப்பாங்க. அடிச்ச தண்ணியைக் கட்டி நிறுத்தத்தான் அங்கேயே கரை போட்டாங்க.' இப்படித்தான் சொல்வாங்க." அதையும் அடித்தேன். "நான் கேக்கறேன்: வெள்ளம் வந்திருந்தா மண்ணுல மணல் படிஞ்சிருக்கணுமே, அந்தத் தடம் எங்கே?" அடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். மேடம் இதற்கு என்ன சொல்வார் என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார். டீ வாங்கி வைத்தேன், குடிக்கவில்லை. இரண்டு பேர் வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில், "தெரியலையேம்மா. இதுக்கு மேல அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியலையே" என்றவர், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. வேறு யாரோடும் பேசுவதாகவும் தெரியவில்லை. எனக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. வேலைக்கு நடுவே யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வரும்போது வாலாஜாபாத் போய் அவரைப் பார். அவர் கேட்ட கேள்விக்கு உனக்குத் தோன்றுகிற பதிலைச் சொல். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. தப்பென்று சொல்ல அவருக்கு யாராவது வேண்டும்.

அன்புடன்,
அம்மா